எருசேலம்

கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தது.
ஆறுக்கு ஆறு, நாலு மூலையிலும் வளையம்,
ஏற்காட்டுப் பள்ளியில் கண்காட்சி,
சனிக்கிழமை காலை வேண்டும்.
அனுப்பியவர் சிஸ்டர் அமலோற்பவம்.

திறந்தால் ஒரு வட்டம்,
தீய்ந்த தோசை நிறம்.
எழுநூறு வருஷத்துக்கு முன்
கடலையே பார்த்திராத ஒரு துறவி
கன்றுத் தோலில் வரைந்த உலகமாம்.

கண்ணில் பட்ட பிழையை முதலில் திருத்தினேன்.
கிழக்கு உச்சியில் இருந்தது.
அது எப்படி மேலே இருக்கும்,
பேரிலேயே கீழ் இருக்கிறதே?
மேட்டூர்த் தண்ணீரைக் கேட்டால் சொல்லும்
எது மேல், எது கீழ் என்று.
தொண்ணூறு டிகிரி சுழற்றினேன்.
வடக்கு மேலேறி உட்கார்ந்தது
ஆறாம் வகுப்பு அட்லஸ் போல,
சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை போல.

பிறகு பெயர்கள்.
லத்தீனை அழித்துவிட்டுத் தமிழில் அடிக்க வேண்டும்.
நானூறு சதவீதம் பெரிதாக்கி உள்ளே போனேன்.
விளிம்பில் ஒருவன், நெஞ்சில் முகம்.
ஒருவனுக்கு நாய்த்தலை.
இன்னொருவன் மல்லாந்து படுத்து
தன் ஒற்றைப் பாதத்தையே குடையாகப் பிடித்திருந்தான்.
அவர்களைத் தாண்டினால் இந்தியா.
பார்க்காத ஊர்க்காரனுக்கு
முகத்தை எங்கே வைப்பதென்று
துறவிக்குத் தெரியவில்லை போலும்.

இந்தியாவுக்கு அடுத்த வீடு ஏதேன்.
நெருப்பு மதில்,
உள்ளே இரண்டு பேர், ஒரு மரம், ஒரு பாம்பு,
நான்கு ஆறுகள், அதில் ஒன்று நம் கங்கை.
மதிலுக்கு வாசல் இருந்தது. பூட்டியிருந்தது.
யாரும் போக முடியாத இடத்துக்கும்
அளந்து இடம் விட்டிருந்தான்.
என் தொழிலில் அப்படி விட்டால்
சதுர அடிக்குக் காசு கேட்பார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்கு நடுமையம் வந்தேன்.
உலகத்தின் தொப்புள், எருசலேம்.
கை பழகின கை.
காதணி விழா, கண்ணீர் அஞ்சலி,
எல்லாவற்றின் அடியிலும்
இருபது வருஷமாய் அடிக்கிற ஊர்.
எருசேலம் என்று அடித்து
மெஷினுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

சிஸ்டர் வந்து விரித்தார்.
என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
எழுத்தைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்தார்.
அப்புறம் தலையைச் சாய்த்து,
"உலகத்த யாருண்ணா திருப்பி வச்சது?"
வடக்குதானே மேலே என்றேன்.
"அவங்களுக்குச் சூரியன் வர்ற பக்கம்தான் மேல.
தொலைஞ்ச தோட்டம் அங்கதானே."
வேறொன்று அடித்துக் கொடுத்தேன், பாதி விலைக்கு.

கெட்டுப்போன உலகம்
மூன்று நாள் மூலையில் சுருண்டு கிடந்தது.
ஆடி மழை பிடித்துக்கொண்டது.
செர்ரி ரோட்டில் என் கடை வாசலில்
நாவல்பழ வண்டி போடுகிற நாகலூர்ச் சடையன்
மேலே கட்ட ஏதாவது கொடு என்றான்.
படம் உள்பக்கம் தெரியக் கட்டினான்.
அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.
"காவேரி எங்க?"
இல்லை என்றேன்.
"அதெப்படி இல்லாம போவும்?
சேர்வராயன் கொகைக்குள்ள ஊர்ந்து போனா
காவேரிலதான வந்து ஏறணும்?"
தேடினான். ஏதேனைத் தொட்டான்.
"தோ, இதான் கொகை வாசல்.
பூட்டிருக்கு பாரு.
மே மாசம் திருவிழாக்கு வந்து பாரு, தெரியும்."

மறுக்க எனக்கு என்ன இருக்கிறது?
கும்பாபிஷேகப் பத்திரிகைகளில்
குருக்கள் சொல்லச் சொல்ல நானும்தான் அடித்திருக்கிறேன்,
நாவலந்தீவில், மேருவுக்குத் தெற்கே என்று,
ஏதோ கதவு எண் சொல்வதுபோல்.
மரத்தின் பேரால் ஒரு தீவு,
அதைச் சுற்றி உப்புக் கடல்,
அதற்கப்பால் கருப்பஞ்சாறு, நெய், தயிர், பால்.
ஒருவரும் கரும்புக்கடல் வரை போய்ப் பார்த்ததில்லை.

மழை வலுத்தது.
ஏதேன் மூலையில் தண்ணீர் தேங்கித் தொங்கியது.
சடையன் குச்சியால் முட்டினான்.
நாலு ஆறும் ஒரே ஊற்றாய்
என் செருப்பில் விழுந்தன.
"சரி, இந்தா" என்று காகிதத்தில் கொடுத்தான்,
நடுவில் பழம், சுற்றிலும் உப்பு.

எருசேலத்துக்கு நேர் கீழே நின்று
கொட்டையைத் துப்பினேன்.
நாக்கு ஊதா.